கர்னலின் இடது காது

"இறங்கு! இறங்குன்னு சொல்றேன்ல?"

முன்னறையிலிருந்து மாமனாரின் குரல் கேட்டதும், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மருமகளின் கை அப்படியே நின்றது.

"யாரோட நாற்காலின்னு தெரியுமா உனக்கு? நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு, என்னையே மொறைக்கிறியா?"

மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள்.

"அங்கயா வெச்ச?" மாமியாரின் உதடுகள் மட்டும் அசைந்தன.

"மூக்குல பெயிண்ட் காயணும் அத்தை. வீட்டுலயே அந்த நாற்காலியிலதான் வெயில் விழுது. மாமா குளிச்சு முடிக்கிறதுக்குள்ள எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"இன்னிக்குன்னு பாத்து சீக்கிரம் குளிச்சிட்டாரே மனுஷன்!"

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அகலமான மரக் கைகள் வைத்த பிரம்பு நாற்காலி. ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. வெயில், காற்று, செய்தித்தாள், தெருச் செய்தி எல்லாமே முதலில் அங்கேதான் வந்து சேரும். மாமனாரைத் தவிர வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. தெரியாத்தனமாக உட்கார்ந்துவிடும் விருந்தாளிகள்கூட அவர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தால் முள்ளில் உட்கார்ந்தவர்கள் போல எழுந்துவிடுவார்கள். வீட்டுப் பெண்களுக்காகக் கனைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. அவர்கள் அந்த அறையிலேயே உட்காருவதில்லை. டீ கொண்டுவந்து வைப்பார்கள், காலி டம்ளரை எடுத்துப்போவார்கள், நடுவில் ஏதாவது கேட்டால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பதில் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட நாற்காலியில்தான் சாம்பல் நிறப் பூனை ஒன்று முன்னங்கால்களை மார்புக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது. கனைப்புக்கும் அசையவில்லை. கைதட்டலுக்கும் அசையவில்லை.

"உன் திமிரை அடக்குறேன் பாரு!"

பொத்தென்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு பெண்களும் ஓடிப் பார்த்தபோது மாமனார் இடுப்பில் கட்டிய துண்டும் கையில் குடையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பூனை கிடந்தது. உடம்பு சுவரைப் பார்த்திருக்க, தலை மட்டும் முழுதாகத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொன்னுட்டேன்டி." அவர் குடையைக் கீழே போட்டார். "சும்மா மிரட்டத்தான் ஓங்கினேன். ஒரு சத்தம்கூடப் போடல பாவம். ஒரு உயிரைக் கொன்னுட்டேனே!"

மாமியார் பூனையை வாலைப் பிடித்துத் தூக்கினாள். கழுத்திலிருந்து ஒரு கொத்து கம்பளிப் பஞ்சு வெளியே வந்து தொங்கியது.

"உயிரு எங்க இருக்கு இதுல? பஞ்சும் கம்பியும்தான் இருக்கு. எழுந்திருங்க, துண்டு அவுந்துடப் போகுது."

மாமனார் பூனையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கம்பிக்கூடு. அதன்மேல் முள் வைத்த ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிய கம்பளி. கண்ணாடிக் கண். தூண்டில் நரம்பில் மீசை. ஈரம் காயாத மூக்கிலிருந்து அவருடைய கட்டைவிரலில் கறுப்பு ஒட்டியது. அழுகை வரவேண்டிய முகத்தில் ஆச்சரியம் வந்தது. ஆச்சரியம் வந்த கையோடு சந்தேகமும் வந்தது.

"யார் செஞ்சது இது?"

மருமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்.

"வேற யாரு? உங்க பையன்தான்."

அதே நேரத்தில் காய்கறிப் பையோடு வாசலில் நுழைந்த பையன், தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

*

அவன் வேலை பார்த்த சோப்புத் தொழிற்சாலையை மூடி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பாதிச் சம்பளம் வந்துகொண்டிருப்பதாக அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தான். கால் சம்பளம்கூட வரவில்லை. மாமனாரின் ஓய்வூதியம் வீட்டு வாடகைக்கே சரியாகப் போயிற்று. பால், மளிகை, மின்சாரம், மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் பூனைகளும் முயல்களும்தான் சுமந்தன. மருமகள் மத்தியான வேளைகளில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றைச் செய்வாள். கணவன் துணிப்பையில் போட்டுக் கடைத்தெருப் பரிசுப்பொருள் கடையில் கொடுத்துவிட்டு வருவான். கடைக்காரர் ஒருமுறை பையைத் திறந்து பார்த்துவிட்டு, "மூச்சு முட்டப் போகுது சார், உயிரோட இருக்கிறதை இப்படியா கொண்டு வருவீங்க?" என்று திட்டினாராம். அதைக் கேட்ட அன்றைக்கு மருமகளுக்குச் சந்தோஷத்தில் பசிக்கவே இல்லை.

அன்று மத்தியானம் மாமியாரிடம் அவள் கேட்டாள். "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

மாமியார் முன்னறைப் பக்கம் பார்த்தாள். மூலையில், பூப்போட்ட துணி மூடிய ஒரு மேஜைமேல் ரேடியோ இருந்தது. மருமகள் இந்த வீட்டுக்கு வந்த நாளாக அதை மேஜை என்றுதான் நினைத்திருந்தாள். சுத்தம் செய்யும்போது துணியின் அடியில் இரும்புச் சக்கரம் காலில் இடித்த பிறகுதான் அது தையல் மெஷின் என்று தெரிந்தது.

"கல்யாணமான புதுசுல இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு நான்தான் தைச்சுக் குடுத்தேன். அவரு ஆபீஸ் போனதும் மெஷின் ஓடும், வர்ற நேரத்துக்கு நின்னுடும். ஒருநாள் யாரோ வாசல்லயே காசைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க, அவரு கையில."

"திட்டினாரா?"

"திட்டினாத்தான் பரவாயில்லையே! 'இந்த வீட்டுல பொம்பள சம்பாதிச்சு ஆம்பள சாப்பிட்டதில்ல'ன்னு சொல்லிட்டு, தட்டை நகத்தி வெச்சிட்டுப் படுத்துட்டாரு. அடுத்த நாளும் சாப்பிடல. அப்புறம் நானே துணியை எடுத்துட்டு வந்து மெஷினை மூடினேன். எழுந்து வந்து ரேடியோவைத் தூக்கி அது மேல வெச்சாரு. வெச்சிட்டு, 'இப்ப சாப்பாடு போடு'ன்னாரு." மாமியார் சிரித்தாள். சிரிக்கிற விஷயம்தானா என்று மருமகளுக்குத் தெரியவில்லை. "உன் ஊசியாவது ஓடட்டும்னுதான் அவன் பேரைச் சொன்னேன். பேர்தானே? போயிட்டுப் போகுது போ."

பேர்தானே என்றுதான் மருமகளும் நினைத்தாள்.

*

ஆனால் மாமனார் ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தால் பாதியில் விடுகிற மனிதர் இல்லை.

மறுநாளே பூனையின் கழுத்தைச் சரிசெய்து முன்னறை ஜன்னல் விளிம்பில் வைக்கச் சொன்னார். என்ன செய்தும் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. அது இன்னும் உயிரோட்டமாக இருப்பதாகச் சொல்லிவிட்டார். காலையில் செய்தித்தாளைப் பிரிக்கும்முன் "என்னடா, தூங்கினியா?" என்று அதைக் கேட்பார். வருகிறவர்களிடம் அதன் கதையை அபிநயத்தோடு சொல்வார். "குடையால அடிச்சேன் சார்! என் கண்ணையே ஏமாத்திட்டான்னா என் பையன் எப்பேர்ப்பட்ட கலைஞன்னு பாத்துக்கோங்க!"

அடுத்தது பலகை. கிழங்கு வந்த மரப்பெட்டி ஒன்றை உடைத்துத் தானே இழைத்து, தானே வெள்ளையடித்து, தானே எழுதினார். 'தத்ரூப விலங்குச் சிற்பங்கள்.' அதன் கீழே மகனின் பெயர். பெயருக்கு முன்னால் தன் முதலெழுத்து, அது மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒன்றரைப் பங்கு பெரிதாக. முன்னறையில், வாசலைப் பார்த்த சுவரில் ஆணியடித்து மாட்டினார். பெஞ்சிலும் முக்காலியிலும் முயல், அணில், ஆந்தை, பால் குடிக்கும் நாய்க்குட்டி என்று வரிசையாக உட்கார வைத்தார். பிரம்பு நாற்காலியில் தான் உட்கார்ந்து வியாபாரத்தைக் கவனித்தார்.

வியாபாரம் அவருக்குப் பிரமாதமாக வந்தது. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் வழி கேட்க வந்தவரைப் போல எட்டிப் பார்த்தார். போகும்போது கையில் ஆந்தையோடு போனார்.

"எனக்கு எதுக்கு சார் ஆந்தை?" என்றுதான் அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்து வெச்சிருக்கும் சார். பாலிசி விக்கிற உங்களுக்குத் தெரியாததா, பாதுகாப்போட அருமை?"

இந்தக் கூத்தெல்லாம் முன்பக்கம் நடக்க, மூடிய சமையலறைக் கதவுக்குப் பின்னால் வேறொரு கூத்து. மருமகள் மத்தியானம் மட்டும் செய்துகொண்டிருந்த வேலை இப்போது நாள் முழுக்கத் தேவைப்பட்டது. கலைஞனும் நாள் முழுக்க உள்ளே இருந்தாக வேண்டியிருந்தது. வெறுமனே எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பான்? முதலில் வெங்காயம் உரித்துக் கொடுத்தான். பிறகு அரிசி கழுவினான். ஒருநாள் உருளைக்கிழங்கை வறுக்கிறேன் என்று இறங்கினான். அன்றோடு அடுப்பு அவன் கைக்குப் போய்விட்டது.

"உப்பு எப்பங்க போட்டீங்க?" ஒரு வாய் எடுத்து வைத்த மருமகள் மலைத்துப் போனாள்.

"கிழங்கு கேக்கும். கேக்கும்போது போடணும்."

"என்கிட்ட ஒருநாளும் கேட்டதில்லையே!"

"நீ முயலோட பேசிட்டு இருப்ப. கிழங்கு பாவம், எத்தனை தடவை கூப்பிடும்?"

சாப்பிட உட்கார்ந்த மாமனார் வறுவலை மூன்றாம் முறை போட்டுக்கொண்டார். "இப்பதான்மா உனக்குக் கை மணம் வந்திருக்கு. ஏழு வருஷம் ஆச்சு."

மருமகள் சிரிப்பை அடக்கக் குனிந்தாள். கணவன் அடக்க முடியாமல் இருமினான்.

"நல்லா சாப்பிடுடா." மாமனார் மகனின் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார். "நாள் பூரா ஊசியும் கையுமா கிடக்கிற. முதுகு வலிக்கும். நாளைக்கு உனக்கு ஒரு மெத்தை திண்டு வாங்கிட்டு வர்றேன்." பிறகு மருமகளைப் பார்த்து, "உனக்கென்னம்மா, ரெண்டு வேளை சமைச்சு வெச்சா முடிஞ்சுது. அவன் படுற பாட்டைக் கொஞ்சம் பாரு" என்றார்.

மருமகள் இடது கையைச் சட்டென்று மடிக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று விரல்களில் துணி சுற்றியிருந்தாள். அன்று காலை அணிலின் வாலை இறுக்கும்போது ஊசி வழுக்கியிருந்தது. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

மெத்தை திண்டு வந்தது. அதில் அவள்தான் உட்கார்ந்தாள் என்பது உண்மை. இருந்தாலும் முன்னறையைக் கூட்டப் போகும்போதெல்லாம் அவள் கண் பலகைக்குப் போயிற்று. ஜன்னல் விளிம்பில் கோணல் கழுத்துப் பூனை காலை மடித்து வெயில் காய்ந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே அதற்கு அந்த அறையில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அதைச் செய்தவள் ஏழு வருஷமாகத் துடைப்பத்தோடு வந்து துடைப்பத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

*

பல் டாக்டரம்மா ஒரு சாயங்காலம் வந்தார். தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர். எல்லோரையும் வாயைத் திறக்க வைக்கிற அவருக்கு அன்று வாய் திறந்தால் பேச்சு வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டையான நாய், ஒரு செருப்பின்மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

"கர்னல்" என்றார். "இடி இடிச்சா கட்டிலுக்கடியில ஓடிடுவான். ஆனா பேரு கர்னல். போன மாசம் போயிட்டான்."

"கவலைப்படாதீங்க டாக்டர்" என்றார் மாமனார். "என் பையன் திருப்பிக் கொண்டுவந்துடுவான்."

"இடது காது மட்டும் எப்பவும் மடிஞ்சிருக்கும். அதுதான் அவன். அது சரியா வரணும்."

டீ கொண்டுவந்த மருமகள் புகைப்படத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். கண்ணுக்குள் நாய் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது. வாய் தானாகக் கேட்டது. "மடிஞ்ச காது உள்பக்கமா மடியுமா டாக்டர், வெளிப்பக்கமா? கூப்பிட்டா நிமிருமா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் கர்னலைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை. "உள்பக்கம். கூப்பிட்டா பாதி நிமிரும், அப்புறம் சோம்பேறித்தனமா..."

"ஏம்மா!" மாமனார் இரண்டு முறை கனைத்தார். அந்த அறையில் தனக்காக விழுந்த முதல் கனைப்பு அதுதான் என்று மருமகளுக்குத் தெரிந்தது. "வேலை விஷயம் பேசிட்டிருக்கோம்ல? நீ உள்ள போ."

அவள் உள்ளே போனாள். போனவள் ஊசிகளை வரிசையாகத் தகரடப்பாவில் போட்டு மூடி, கணவன் முன்னால் வைத்தாள். அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"என்ன இது?"

"பலகையில யார் பேர் இருக்கோ அவங்க செய்யட்டும். சமையல் என் வேலை. இனிமே நானே சமைக்கிறேன்."

"ஏய், விளையாடாத. நான் நாய் செஞ்சா நாய் இனத்துக்கே அவமானம்."

"அப்ப மாமாகிட்ட உண்மையைச் சொல்லுங்க."

அவன் கதவைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"அப்பாகிட்ட சொல்றதுக்கு நாயே செஞ்சிடலாம்" என்று சொல்லி ஊசியை எடுத்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் நீர் வந்தது. நல்லவன்தான். அவளுக்காக வெங்காயம் உரிக்கிறவன், கடைக்குத் துணிப்பை சுமக்கிறவன், ராத்திரி அவள் விரலுக்கு மருந்து போடுகிறவன். கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும் நல்லவன். அந்தக் கதவைத் திறக்கச் சொன்னால் பத்து வயசாகிவிடுகிறது அவனுக்கு.

"மூடி வெச்சுக்கிட்டு நல்லவரா இருக்கிறது போதாதுங்க" என்றாள். ஊசி முதல் குத்திலேயே அவன் கட்டைவிரலில் இறங்கியது.

*

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகள் உண்மையாகவே முயன்றாள். கிழங்கு கூப்பிடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றாள். அது கடைசியில் கருகின பிறகுதான் கூப்பிட்டது.

"உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" மாமனார் தட்டில் கோலம் போட்டார். "வந்த கை மணம் வந்த வழியே போயிடுச்சே!"

கணவன் பத்து விரலிலும் துணியோடு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்து மாமனாரின் கண் கலங்கியது. மாமியார் எல்லாவற்றையும் பார்த்தாள். சோற்றில் நீர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

கர்னல் ஒருவழியாக முடிந்தான். கணவன் அதன்மேல் துணியைப் போட்டு மூடி முன்னறையில் வைத்துவிட்டு, விடுதலையான கைதி போல நேரே அடுப்புக்கு ஓடினான். மாமனார் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. கலைஞனின் வேலையை வாடிக்கையாளர்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவர் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார்.

டாக்டரம்மா வந்தார். உட்கார இடம் தேடினார். முக்காலியில் முயல்கள். பெஞ்சில் மற்ற பிராணிகள். அணில்களைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமனார் தன் நாற்காலியிலிருந்து கையை நீட்டி, மந்திரவாதி போலத் துணியை உருவினார்.

அது நாய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. கால் நான்கு இருந்தது. ஆனால் பல்வலி வந்த உருளைக்கிழங்குக்கு வால் முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு கண் டாக்டரம்மாவைப் பார்த்தது, இன்னொரு கண் தெருவைப் பார்த்தது. இடது காது மடிந்திருந்தது. வலது காதும் மடிந்திருந்தது. மூக்கின்மேல் இன்னொரு காது மாதிரி ஏதோ ஒன்று மடிந்திருந்தது.

"இது..." டாக்டரம்மா இன்னும் கிட்டே குனிந்தார். "இது கர்னலா?"

"கொஞ்சம் சதை போட்டிருந்த சமயத்துல... பின்பக்கமா வந்து பாருங்களேன் டாக்டர்." மாமனாருக்கு முதன்முறையாக வியாபாரப் பேச்சு தடுக்கியது. "டேய்! டேய், இங்க வா!"

மகன் வந்தான். இடுப்பில் மருமகளின் பழைய துணி கட்டியிருந்தான், கையில் கரண்டி, கரண்டியில் வதங்கிய வெங்காயம். அவனுக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மருமகள் நின்றாள். அவள் பின்னால் மாமியார்.

"என்னடா இது?"

அவன் நாயைப் பார்த்தான். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இது நான் செஞ்சதுப்பா. நான் செஞ்சது இது ஒண்ணுதான்." கரண்டியை ஜன்னல் பக்கம் நீட்டினான். "பூனை, முயல், ஆந்தை, இத்தனை நாள் வித்த எல்லாமே அவ செஞ்சது. ஒரு வருஷமா பால், மளிகை, அம்மா மாத்திரை எல்லாம் அவதான்."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. மாமனார் ஜன்னல் விளிம்பிலிருந்த பூனையைப் பார்த்தார். அது தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தது.

"அப்ப..." அவர் கரண்டியைக் காட்டினார். "அப்ப சாப்பாடு?"

"அது நான் செஞ்சது."

"அந்த உருளைக்கிழங்கு?"

"அதுவும்."

டாக்டரம்மாவுக்கு இதில் எதுவும் முக்கியமாகப் படவில்லை. நாய்க் கிழங்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மருமகளையே பார்த்தார். "நீங்கதானே அன்னிக்குக் கேட்டீங்க, காது எந்தப் பக்கம் மடியும்னு? உங்களால இதைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும் டாக்டர்."

மாமனார் கொஞ்சம் தெம்பானார். விஷயம் உள்ளே போய்விட்டால் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். "அப்ப சரி. எடுத்துட்டுப் போய் உள்ள வெச்சு சரி பண்ணும்மா. டாக்டர் அடுத்த வாரம்..."

"உள்ள வெளிச்சம் பத்தாது மாமா" என்றாள் மருமகள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கர்னலைத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்து சொன்னாத்தான் வரும். இங்கேயே செய்யறேன்."

"இங்கேயேவா? சரி, செய்யேன்."

"நின்னுக்கிட்டு செய்ய வராது மாமா."

அறையில் உட்கார ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவளுடைய பிராணிகள் உட்கார்ந்திருந்தன.

மாமனார் கனைத்தார். அவள் நகரவில்லை. இன்னொரு முறை கனைத்தார். அவள் கதவோரம் இருந்த தகரடப்பாவை எடுத்துத் திறந்து ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முனை சரியாக இருக்கிறதா என்று. மூன்றாவது முறை கனைக்க அவருக்குத் தொண்டை இல்லை.

"வாசல்ல யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. பிரம்பு ஓரிடத்தில் குத்தியது. ஆனால் வெயில் என்னவோ நேராக மடியில் விழுந்தது.

"அடியில வெச்சுக் குத்த ஒரு பலகை வேணுமே" என்று சுற்றிலும் பார்த்தாள். சுவரில் ஒன்று இருந்தது. "மாமா, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

வாசல்வரை போயிருந்தவர் திரும்பினார். பலகையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் அவரே ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மருமகள் அதை நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே வைத்தாள், எழுத்துகள் கீழே இருக்கும்படி. எழுதாத பக்கம்தான் வழவழப்பாக இருந்தது. அதன்மேல் டப்பாவிலிருந்த ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சின்மேல் கர்னல். ஊசி இறங்கியது. சக் சக் சக் என்ற சத்தம் முன்னறையில் முதன்முதலாகக் கேட்டது.

"உள்பக்கமா, இல்லையா டாக்டர்? கொஞ்சம் சோம்பேறித்தனமா?"

"ஆமா... இன்னும் கொஞ்சம். அய்யோ, அதேதான். அதேதான் அவன்!" டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் அவருடைய கண் அவர் வாங்கிப்போன ஆந்தையின் கண்ணைப் போல ஆனது. "என்ன சார், பையன் எங்க?"

மாமனார் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார்.

"உள்ள இருக்கான்" என்றார். பிறகு, ஏதோ பல்லில் சிக்கியதைத் துப்புவது போல, "நல்லா சமைப்பான்" என்றார்.

"அப்ப இதெல்லாம்...?"

"அதான் பாக்குறீங்களே சார். கண்ணு தெரியலையா? ஒரு பாலிசி எடுத்துக்கோங்க!"

சமையலறையில் எண்ணெய் சீறியது. கணவன் எப்போதோ அடுப்புக்குப் போயிருந்தான், இந்த முறை கதவைச் சாத்தாமல். மருமகள் கர்னலின் மூக்கிலிருந்த அந்த மூன்றாவது காதைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, மூலையில் ஏதோ நகரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். மாமியார் ரேடியோவைத் தூக்கித் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள். பூப்போட்ட துணியை நான்கு முனையும் பிடித்து மெதுவாக எடுத்தாள், தூசி டாக்டரம்மாமேல் விழுந்துவிடாதபடி.

"ஏய்." மாமனார் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். கனைப்பில்லாத குரல். "அதை எதுக்கு இப்ப எடுக்குற?"

"சும்மாதான்" என்றாள் மாமியார். சக்கரத்தில் கை வைத்துத் தள்ளினாள். அது நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினாள். "துரு ஏறிப் போச்சு. கடைக்குப் போனீங்கன்னா கொஞ்சம் மெஷின் எண்ணெய் வாங்கிட்டு வாங்க."